நாலாவது நாற்காலி

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு மாடியை யாருக்காவது வாடகைக்கு விடுவதென்றால் என் கணவர் கேட்கும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியதாகத்தான் இருக்கும். காற்றாலைக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் சின்னப் பெண்ணுக்கும் வீடு வேண்டும் என்றபோது அவர் உடனே சம்மதித்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் அவ்வளவாகக் குளிக்க மாட்டார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். வந்த முதல் வாரத்திலேயே அது பொய்யாகிவிட்டது. வெயில் தாங்காமல் மூன்று பேரும் நினைத்தபோதெல்லாம் குளித்தார்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் அண்ணாந்து மாடியைப் பார்ப்பார்.

அவர்கள் போலந்துக்காரர்கள். நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறவள். உலக வரைபடத்தில் போலந்து எங்கே என்று விரல் வைத்துக் காட்டுவேன். அதற்கு மேல் அந்த நாட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

அந்த இன்ஜினியர் விடிந்ததும் கண்டமனூர்ப் பக்கம் காற்றாடி பார்க்கப் போய்விடுவார். அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடப்பாள், கீரை வாங்குவாள், எதிரே வருகிற எல்லோருக்கும் வணக்கம் வைப்பாள். எங்கள் தெருவில் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைக்கிற வழக்கம் கிடையாது. ஓட்டு கேட்க வருகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். அதனால் ஆரம்பத்திலிருந்தே அவள் மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருந்தது. எனக்கும் இருந்தது. பரீட்சை அறையில் மேற்பார்வை பார்த்துப் பார்த்து எனக்கு வந்த புத்தி அது. ஒருவர் ரொம்ப அமைதியாக இருந்தால், மேசைக்கு அடியில் அவர் கை என்ன செய்கிறது என்றுதான் பார்க்கத் தோன்றும்.

அக்டோபரில் ஒரு வாரம் அவள் கீழே இறங்கவே இல்லை. பகலிலும் ஜன்னல் திரை மூடியிருந்தது, விளக்கு எரிந்தது. புருசன் பெண்டாட்டி சண்டையாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கரண்ட் பில்லைப் பற்றி என் கணவர் கவலைப்பட்டார். நாங்கள் இரண்டு பேருமே மேலே போய்க் கேட்கவில்லை.

டிசம்பரில்தான் விஷயம் முற்றியது. என் கணவர் மகரவிளக்குக்காக மாலை போட்டிருந்தார். வீட்டில் கறி, முட்டை, கருவாட்டு வாசனை எதுவும் கிடையாது. அந்த மாதங்களில் வீட்டில் எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், எதிர்வீட்டு அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா டீச்சரு, இங்கன வா. ஒம் மாடி வீட்டம்மா எங்கிட்ட வந்து வைக்கோல் கேட்டாக."

"வைக்கோலா? எதுக்குக்கா?"

"அதான் எனக்கும் வெளங்கல. ஒரு கைப்பிடி போதும்னு கையக் காட்டுறாக. மாடியில மாடா கட்டியிருக்காக?"

"குடுத்தீகளா?"

"கேட்டா குடுக்காம என்ன செய்ய? நல்ல காஞ்ச தாளாப் பொறுக்கி, பூவ வாங்குற மாதிரி வாங்கிட்டுப் போறாக."

நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆனால் மறுநாள் கடைத்தெருவில் அந்தப் பெண் வெள்ளை வேட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். கரையில்லாத, வெறும் வெள்ளை. அவள் புருசன் வேட்டி கட்டி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் ராயப்பன்பட்டிக்காரர், கோயிலுக்குத் தவறாமல் போகிற கத்தோலிக்கக் குடும்பம். மாடி வீட்டுக்காரர்களும் கிறிஸ்தவர்கள்தானே, கிறிஸ்துமஸ் வேறு வருகிறதே என்று அவரிடம் கேட்டேன்.

"வைக்கோலு குடிலுக்கு வாங்கியிருப்பாக டீச்சர். மாட்டுத்தொழுவம் செஞ்சு அதுல பரப்புவோம்ல," என்றார்.

எனக்கு மனசு லேசானது. அன்று மாலை கூடுதல் சாவி கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். வாசலிலிருந்து தெரிந்த வரையில் குடில் எதுவும் இல்லை, நட்சத்திர விளக்கும் இல்லை. சாப்பாட்டு மேசைமேல் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் அந்த வெள்ளை வேட்டியை விரித்து, சுருக்கம் விழாமல் நீவிக்கொண்டிருந்தாள் அவள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல. என்னைக் கண்டதும் துணியை மடித்துவிட்டாள்.

வைக்கோலும் அதன்மேல் வெள்ளைத்துணியும். எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அதைப் பார்த்தால் வேறு எது ஞாபகத்துக்கு வரும்? எங்கள் தெருவிலிருந்து போன எல்லோரையும் அப்படிப் படுக்கவைத்துத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ராயப்பன்பட்டி டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மேசையிலயா? அப்படியெல்லாம் எங்க ஊருல செய்ய மாட்டோமே. நான் கேள்விப்பட்டதே இல்ல டீச்சர்."

ஒரு கிறிஸ்தவருக்கே தெரியாத கிறிஸ்தவ வழக்கம் என்றால் அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவளே கீழே இறங்கி வந்து, ஒரு நாற்காலி இரவல் கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாடியில் மூன்று நாற்காலி கொடுத்திருந்தோம், அவர்களும் மூன்று பேர்.

"விருந்தாளி யாரும் வருகிறார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றாள். "யாரும் வரவில்லை."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

எதிர்வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வைக்கோலு, கோடித்துணி, இப்ப ஆளில்லாத நாற்காலி. இதெல்லாம் எந்த வீட்டுல ஒண்ணாச் சேரும்னு ஒனக்கு நான் சொல்லணுமாக்கும்? சாமி மல ஏறப்போற நேரத்துல வீட்டுக்குள்ள என்னத்தையோ செய்யிறாக. பாத்துக்க."

அடுத்ததாக வந்தது மீன். வைகை அணைப் பக்கமிருந்து மாடி வீட்டுக்காரர் ஒரு பெரிய கெண்டை மீனை உயிரோடு வாங்கிவந்தார். நீல பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், அதன்மேல் மூடி, மூடிக்குள்ளிருந்து துள்ளுகிற சத்தம். என் கணவர் துளசி மணியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"செத்த மீனுன்னாக்கூட என்னமோன்னு விட்டுறலாம். உசுரோட எதுக்குக் கொண்டுபோறாக?"

"ஃபிரெஷ்ஷா சமைக்கத்தான் சாமி."

"சமைக்கிறதுன்னா இன்னைக்கே சமைக்கணும். நாலு நாளைக்குக் குளியலறையில வச்சு வளக்கப் போறோம்னு அந்தப் புள்ள சொல்லுது. அதுக்குப் பேரு சமையலா?"

மீன் அங்கேயே இருந்தது. அதோடு இன்னொன்றும் ஆரம்பித்தது. எங்கள் குளியலறைக்கு நேர் மேலேதான் அவர்கள் குளியலறை. அந்தச் சின்னப் பெண் அங்கே உட்கார்ந்து அழுவது குழாய் வழியாகக் கேட்டது. விசும்புவாள், நிறுத்துவாள், மறுபடி விசும்புவாள். அவள் அம்மா ஏதோ சொல்வாள், அப்பா ஏதோ சொல்வார், அழுகை கூடும். தெருப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி "போடா", "வாடி" என்று பேசக் கற்றுக்கொண்டிருந்த பெண், இரண்டு நாளாக வெளியே தலைகாட்டவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அரைப்பரீட்சை லீவு. நான் வீட்டில் இருந்தேன். நடுப்பகலில் மாடிப்படியில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரும் அவளுமாக அந்த நீலத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. பின்னால் அந்தப் பெண், முகமெல்லாம் வீங்கிப்போய். தொட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரங்கழித்துக் காலித்தொட்டியோடு திரும்பி வந்தார்கள். படி முழுக்க ஈரமாக இருந்தது. இப்போது அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு அக்கா போன் செய்தார். எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு போன்.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"காலையிலருந்து மேல அடுப்பு பத்தவக்கிற சத்தமே இல்லயே. பட்டினி கெடக்காகளோ? எதுக்கும் நீ போயி ஒரு எட்டு பாத்துட்டு வா. சின்னப்புள்ள இருக்குல்ல."

சின்னப்பிள்ளை என்று சொன்னதும் எனக்கும் உட்கார முடியவில்லை. சாயங்காலம் என் கணவர் பூஜைக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார். மேலே போய் வருகிறேன் என்றேன்.

"போயிட்டு வா. எதக் குடுத்தாலும் வாயில வச்சிராத," என்றார். கையில் கற்பூரம் இருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை.

நான் போனபோது வீட்டுக்கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. மேசையில் வெள்ளைத்துணிக்கு மேல் நான்கு தட்டுகள், நான்கு டம்ளர்கள். ஏற்றாத மெழுகுவர்த்தி ஒன்று. அடுப்பங்கரையில் பாத்திரங்கள் மூடியிருந்தன. மொட்டைமாடியிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. படியேறினேன்.

மூன்று பேரும் நல்ல துணி உடுத்தி, கைப்பிடிச் சுவரோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. மேகம் அப்பிக்கிடந்தது. திடீரென்று அந்தச் சின்னப்பெண் தெற்கே கையை நீட்டிக் கத்தினாள். அவள் அப்பா தலையை ஆட்டி ஏதோ சொன்னார். அவள் காட்டிய இடத்தில் காற்றாடி உச்சியின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

அவர்கள் எதையோ தேடுகிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நானும் பார்த்தேன். கிழக்கே, தென்னைக்கு மேலே, மேகம் கிழிந்த ஓர் இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரம்.

"அந்தா," என்றேன். என்னையறியாமல் தமிழில் வந்துவிட்டது. "அந்தா பாரு, அங்கன."

அந்தச் சின்னப்பெண்ணுக்கு அது புரிந்துவிட்டது. வீலென்று கத்திக்கொண்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவர் நிஜமாகவே கைதட்டினார். என்ன செய்துவிட்டேன் என்று தெரியாமல் நான் நின்றேன்.

முதல் நட்சத்திரம் தெரியும்வரை சாப்பிடக் கூடாதாம். பகல் முழுக்க விரதம். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம்தான் பெரிய பண்டிகையாம், குடும்பம் மொத்தமும் கூடுமாம். மேசைத்துணிக்கு அடியில் வைக்கோல் வைப்பது ஏசு பிறந்த மாட்டுத்தொழுவத்தின் ஞாபகமாகவாம். இதைச் சொல்லிக்கொண்டே என்னைப் படியில் இறக்கிக் கூட்டிப்போனார்கள். வேண்டாம், கீழே வேலை இருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவர் அந்த நாலாவது நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

நான் உட்காரவில்லை.

"இது யாருக்கு?" என்று கேட்டேன். இதை நேராகக் கேட்டுவிடவேண்டும் என்று அந்த நொடியில் தோன்றியது.

"கூப்பிடாமல் வருகிறவருக்கு," என்றார் அவர். "ஒவ்வொரு வருசமும் வைப்போம். ஊரில் யாரும் வந்ததே இல்லை. இந்த வருசம் நீங்கள் வந்துவிட்டீர்கள்."

அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "இறந்துபோனவர்களுக்கும்தான். இந்த வருசம் என் அப்பாவுக்கு."

"எப்போது?"

"அக்டோபரில். விமானம் பிடித்துப் போவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்றார்கள். அதனால் போகவில்லை."

அந்த ஒரு வாரம் பகலில் எரிந்த விளக்கு எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் ஒரு சாவு என்றால் கடைசி வீட்டுக்காரர் வரைக்கும் துக்கம் கேட்க வருவார்கள். இவள் எங்கள் தலைக்கு மேலேயே ஒரு வாரம் அழுதிருக்கிறாள்.

ஆனாலும் கால் தயங்கியது. எங்கள் வீட்டில் அமாவாசைக்கு மாமனாருக்கு இலை போட்டால், காக்காய் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவோம். அந்த இலையில் யாரும் உட்கார மாட்டோம். செத்தவருக்கு வைத்த தட்டில் போய் உட்காருவதா? மாலை போட்ட மனுசர் கீழே இருக்கும்போது? அக்கா சொன்னது ஒரு வகையில் சரியாகத்தானே போய்விட்டது? இப்படியெல்லாம் ஓடியது. அந்தச் சின்னப்பெண் என் முந்தானையை இழுத்து, "ஒக்காரு," என்றாள். எங்கள் தெருப் பேச்சில், மரியாதை இல்லாமல், "ஒக்காரு". உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகும் சந்தேகம் விடவில்லை. அவர் ஒரு கவரிலிருந்து வெள்ளையாக, தாள் மாதிரி மெல்லிய ஒன்றை எடுத்தார். அதில் படம் அச்சடித்திருந்தது. ராயப்பன்பட்டிக் கல்யாணம் ஒன்றில் பூசை நேரத்தில் கொடுக்கிற அப்பத்தைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி இருந்தது. இதை வாயில் போட்டால் நான் என்னவாக ஆவேன்?

"இது சர்ச்சில் கொடுக்கிறதா?"

"இல்லை. அது வேறு. இது வீட்டில் செய்கிற வழக்கம், வெறும் மாவு. அவள் அம்மா தபாலில் அனுப்பினார்கள். நீங்கள் என்னுடையதில் கொஞ்சம் ஒடிக்கவேண்டும், நான் உங்களுடையதில் ஒடிப்பேன். ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தை சொல்லவேண்டும். அவ்வளவுதான்."

ஒடித்தோம். உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. நாக்கில் வைத்ததும் கரைந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட்டேன். இன்று கறியே கிடையாது என்றாள். பீட்ரூட்டை வேகவைத்துப் புளிக்கவைத்த ஒரு ரசம், உள்ளே உருளைக்கிழங்கு வைத்து மடித்த கொழுக்கட்டை, கசகசா அரைத்துச் சுருட்டிய ஓர் இனிப்பு. நடுவில் ஒரு தட்டில் மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த வாழைக்காய்.

"மீன் எங்கே?" என்றேன். நாள் முழுக்க நெஞ்சில் இருந்த கேள்வி அது.

இரண்டு பேரும் மகளைப் பார்த்தார்கள். மீனை உயிரோடு வாங்கி வீட்டில் வைத்திருந்து பண்டிகையன்று அறுப்பது அவர்கள் ஊர் வழக்கம். இவள் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள், பக்கத்திலேயே உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்துவிட்டாள். அறுத்தால் நான் சாப்பிடவே மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். கடைசியில் நடுப்பகலில் கொண்டுபோய் நம்மூர்த் தடுப்பணையில் விட்டுவிட்டு வந்தார்களாம்.

"நல்லபடியாப் போயிருச்சு," என்று அந்தச் சின்னப்பெண் எனக்குத் தமிழில் சொன்னாள்.

தடுப்பணையில் தினமும் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்த மீன் இருட்டுவதற்குள் யாருடைய சட்டிக்கோ போயிருக்கும். "ஆமா, நல்லாப் போயிருக்கும்," என்றேன்.

கீழே இறங்கியபோது என் கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏதாச்சும் சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். கறி, மீனு எதுவும் இல்ல. அவுகளும் வெரதம்தான் சாமி."

"அந்த நாற்காலி?"

"அவுகப்பா எறந்துட்டாராம். நம்ம எல போடுற மாதிரிதான்."

அவர் துளசி மணியை விரலால் உருட்டினார். பிறகு, "எப்பவாம்?" என்றார். அக்டோபரில் என்றேன். "நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றார். மறுநாள் காலை குளித்துப் பூஜை முடித்ததும், கறுப்பு வேட்டியோடேயே ஒரு சீப்பு பழத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று தெரியாது. அவருக்கு ஆங்கிலம் வராது.

எதிர்வீட்டு அக்கா மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "மீன ஆத்துல விட்டாகளாம், நீயும் நம்பிட்டு வந்துட்ட," என்பார். மற்றபடி கோடையில் அவர்கள் காலி செய்துகொண்டு போனபோது, ஒரு டப்பா நெய் கொடுத்து அனுப்பினதும் அவர்தான்.

இப்போது மாடியில் பேங்கில் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். போலந்துக்காரர்களோடு போன் தொடர்பெல்லாம் தேய்ந்துபோயிற்று. ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த அப்பத்தை ஒடித்தபோது நான் அவளிடம், "நல்லா இருங்க," என்று மட்டும் தமிழில் சொன்னேன். ஆங்கிலம் வரவில்லை. அவளும் தன் மொழியில் சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள், நடுவில் ஒருமுறை நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடி சொன்னாள். என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை. நல்ல ஆரோக்கியம் வேண்டும் என்று," என்றாள்.

அவ்வளவு நீளமாகச் சொன்னது அதை மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.